ஹைஸ்கூல் வாசல் ஸ்கேனர்: மெஷினுக்கு இரண்டு ஸ்டார், மேஜைக்கு நான்கு

இங்கே அமெரிக்காவில் என் பையன் படிக்கும் ஹைஸ்கூலில் போன கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆயுதம் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வைத்தார்கள். அதே பள்ளிக்கு நான் சப்ஸ்டிட்யூட் டீச்சராகப் போகிறவள். ஆள் குறைவு என்றால் காலை வாசல் டியூட்டியும் என் தலையில் விழும். அதனால் இந்தச் சாமானை ஒரு அம்மாவாகவும் பார்த்திருக்கிறேன், அதன் பக்கத்தில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்புகிறவளாகவும் பார்த்திருக்கிறேன். நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "எங்க டிஸ்ட்ரிக்ட்லயும் வாங்கப் போறாங்களாம், எப்படி இருக்கு?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தைத்தான் இங்கே டிஸ்ட்ரிக்ட் என்பார்கள்.) ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி மாளவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மெஷினைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் பல கம்பெனிகள் இருக்கின்றன, வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு தூண்கள், நடுவே தாராளமாக நடந்துபோக இடம், பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு டேப்லெட். ஏர்போர்ட்டில் மாதிரி பெல்ட்டைக் கழற்று, பாக்கெட்டைக் காலி செய் என்ற தொந்தரவு கிடையாது. பை தோளில் தொங்க, நடந்தபடியே போகலாம். தூண்களுக்கு நடுவே மெலிதான காந்தப்புலம் இருக்கும். உலோகம் கடக்கும்போது அதில் உண்டாகும் மாற்றத்தை வைத்து, இது சாவியா, துப்பாக்கியா என்று மென்பொருள் கணிக்கும். சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கு எரியும். டேப்லெட்டில் பிள்ளையின் படத்தின்மேல் ஒரு கட்டம் விழுந்து, பொருள் பையில் இருக்கிறதா இடுப்பில் இருக்கிறதா என்று காட்டும். அப்புறம் அந்தப் பிள்ளை பக்கத்து மேஜைக்குப் போக வேண்டும். அங்கே பையைத் திறந்து பார்ப்பார்கள்.

வாங்குவதற்கு முன் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் டெமோ காட்டினார்கள். விற்க வந்தவர் சாவிக்கொத்தையும் செல்போனையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தார், பச்சை. வேலை செய்யாத மாதிரித் துப்பாக்கி ஒன்றைப் பையில் வைத்து நடந்தார், சிவப்பு. போர்டு உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒரு நிஜமான ஹைஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு யாரும் நடந்து காட்டவில்லை.

அந்தப் பையில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிஸ்ட்ரிக்ட் கொடுத்த க்ரோம்புக் லேப்டாப். மூன்று இரும்பு வளையம் வைத்த பைண்டர், அதுவும் பாடத்துக்கு ஒன்று. மடக்குக் குடை. இரும்புத் தகடு வைத்த கண்ணாடிக் கூடு. பள்ளி இசைக்குழுவில் இருக்கும் பிள்ளை என்றால் கையில் டிரம்பெட் பெட்டி வேறு. முதல் வாரம் பாதி வரிசை மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் பீரியடுக்கு வந்து உட்கார ஆளில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: க்ரோம்புக்கைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இப்போது காலை ஏழேகாலுக்கு வந்து பார்த்தால், பிள்ளைகள் எல்லோரும் லேப்டாப்பைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி காவடி எடுத்த மாதிரி வரிசையாக வருவார்கள். மழை நாளில் வரிசை வெளியே நீளும்போது அந்த க்ரோம்புக்குகளின் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதையும் வெளியே எடுக்காமல் நடக்கலாம் என்பதுதான் பழைய மெட்டல் டிடெக்டரை விட்டு இதை வாங்கியதற்குச் சொன்ன காரணம்.

நம் வீட்டு ஆட்களுக்கு இன்னொரு சங்கடம். எவர்சில்வர். என் பையன் கொண்டுபோவது பக்கத்தில் கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பா, ஊரிலிருந்து என் அம்மா கொடுத்துவிட்டது. அது தூண்களுக்கு நடுவே போனாலே சிவப்புதான். ஒருநாள் மேஜையில் இருந்தவர் டப்பாவை வெளியே எடுத்துத் திறந்து, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். எலுமிச்சம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பின்னால் வரிசை முழுக்க எட்டிப் பார்க்கிறது. அவர் மூடியை வைத்தார், கிளிப்பைப் போடவில்லை. மத்தியானம் பார்த்தால் வரலாற்று நோட்டு மஞ்சள், எண்ணெய் பைண்டர் வரைக்கும் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் வந்ததும் முதல் பேச்சே, "அம்மா, நாளைலேர்ந்து பிளாஸ்டிக் டப்பால குடு, இல்லன்னா சாப்பாடே வேணாம்." "ஏன்டா, எவர்சில்வருக்கு என்ன குறைச்சல்?" என்றால் பதில் இல்லை, கதவு மூடிக்கொண்டது. இதில் மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு உலோகம் தெரிந்தது, சொன்னது. மூடியைத் திறந்த கை மெஷினுடையது இல்லை.

இரண்டு ஸ்டார் ஏன் என்பதற்கு வருகிறேன். இந்த மெஷின்களில் கூருணர்வை (சென்சிடிவிட்டி, எவ்வளவு சின்ன உலோகத்துக்கும் அலாரம் அடிக்கும் என்ற அளவு) ஏற்றி இறக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஏற்றினால் சின்னக் கத்தியும் மாட்டும், கூடவே பைண்டர், குடை எல்லாம் மாட்டும். இறக்கினால் வரிசை சரசரவென்று நகரும், கத்தியும் சேர்ந்து உள்ளே போகும். இரண்டையும் ஒன்றாகத் தரும் அமைப்பு கிடையாது. விற்கும்போது இதைச் சொல்வதில்லை. நியூயார்க் மாநிலத்தில் யுடிகா என்ற ஊரின் பள்ளி டிஸ்ட்ரிக்ட், எவால்வ் என்ற கம்பெனியின் ஸ்கேனர்களை 13 பள்ளிகளுக்கு 37 லட்சம் டாலர் செலவில் வாங்கியது. 2022 அக்டோபரில் அங்கே ஹைஸ்கூலில் ஒரு மாணவன் ஏழு அங்குலக் கத்தியோடு அந்த ஸ்கேனரைத் தாண்டி உள்ளே போய் இன்னொரு மாணவனைக் குத்தினான். அதன் பிறகு கூருணர்வை ஏற்றிப் பார்த்தார்கள். பாதிக்குப் பாதி பொய் அலாரம். இது என் கணக்கு இல்லை, மத்திய வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனிமேல் தொடுத்த வழக்கில் சொன்னது. தன் மெஷின் என்ன செய்யும் என்பதைப் பற்றி அந்தக் கம்பெனி பள்ளிகளை ஏமாற்றும்படி விளம்பரம் செய்தது என்று 2024 நவம்பரில் ஆணையம் குற்றம் சாட்டியது. முடிவில் போட்ட உடன்பாட்டின்படி, சில பள்ளிகள் விரும்பினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்துகொள்ளலாம் என்று வழி விட்டார்கள்.

எங்களுடையது அந்தக் கம்பெனி இல்லை. ஆனாலும் கேள்வி அதேதான். எங்கள் பள்ளியில் கூருணர்வு எந்த அளவில் இருக்கிறது என்று அசிஸ்டன்ட் பிரின்சிபலிடம் கேட்டேன். "அதை விற்பனையாளர்தான் செட் பண்ணுவார்" என்றார். வரிசை நீளமாகிறது என்று டீச்சர்கள் புகார் சொன்ன அடுத்த வாரம் அலாரம் திடீரென்று குறைந்தது. பைகள் அதே பைகள்தான். யார் இறக்கச் சொன்னார்கள், எவ்வளவு இறக்கினார்கள் என்று பெற்றோருக்கு ஒரு வரி மின்னஞ்சல்கூட வரவில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. கத்தி தெரியும் அளவு எது, தெரியாத அளவு எது என்று முடிவு செய்கிறவர் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார்.

சரி, இவ்வளவு நாளில் என்னதான் பிடித்தது? எனக்குத் தெரிந்து துப்பாக்கி எதுவும் இல்லை. அதற்கு மகிழ்ச்சிதான். ஒரு பாக்ஸ் கட்டர் மாட்டியது. சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி பிரிக்கும் வேலைக்குப் போகிற பையன், ஜாக்கெட் பாக்கெட்டிலேயே மறந்துபோய்க் கொண்டுவந்துவிட்டான். அவனைச் சில நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். மற்றபடி மேஜையில் பிடிபட்டதில் பெரும்பாலும் வேப் என்கிற மின் சிகரெட். பைண்டருக்காக அலாரம் அடிக்கும், பையைத் திறப்பார்கள், அடியில் ஒரு வேப் இருக்கும், பிள்ளை ஆபீசுக்குப் போகும். வேப் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போர்டில் "துப்பாக்கிக்காக மட்டும்" என்று சொல்லி ஓட்டு வாங்கிய மெஷின் இது. இப்போது மாத அறிக்கையில் "கைப்பற்றப்பட்ட பொருட்கள்" என்று ஒரே தொகையாகப் போடுகிறார்கள். அதில் எத்தனை ஆயுதம், எத்தனை வேப் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இனி மேஜை. உங்கள் டிஸ்ட்ரிக்ட் இந்த மெஷினை வாங்கினால் தூண்களைவிட மேஜையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு நல்லதோ கெட்டதோ நடப்பது அங்கேதான்.

முதல் சில மாதங்கள் இருந்த காவலர் (டப்பாவைத் திறந்தவர்தான்) பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணின் பையிலிருந்து விழுந்த நாப்கின் பாக்கெட்டைப் பொறுக்க அவளே குனிந்தாள், நான் போய் உதவினேன். அதே பையில் இருந்த ஒரு டைரியை அவர் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காகிதத்துக்கு நடுவே என்ன துப்பாக்கி இருக்கும்? நான் கேட்டேன். "ப்ரொசீஜர்" என்றார்.

அப்படி ஒரு ப்ரொசீஜர் கிடையாது. இந்த நாட்டில் பள்ளிப் பைகளைச் சோதிப்பது பற்றிய அடிப்படைத் தீர்ப்பு 1985ல் வந்தது. நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. என்ற வழக்கு. பள்ளிக் கழிவறையில் சிகரெட் பிடித்ததாக மாட்டிய 14 வயதுப் பெண்ணின் கைப்பையை ஒரு நிர்வாகி திறந்தார். சிகரெட் இருந்தது. கூடவே கஞ்சா சுருட்டுவதற்கான காகிதம் தெரிந்தது, அதனால் மேலும் தோண்டினார், கஞ்சா கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 6-3 என்று பள்ளிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பளித்தது. போலீஸுக்கு வேண்டிய அளவு ஆதாரமோ வாரண்ட்டோ பள்ளிக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்றது. ஆனால் கூடவே ஒரு வரம்பும் போட்டது: எதைத் தேட ஆரம்பித்தார்களோ அதற்குப் பொருத்தமான அளவுக்குத்தான் தேடலாம், பிள்ளையின் வயது, அது ஆணா பெண்ணா, செய்த தப்பு எப்படிப்பட்டது என்பதையெல்லாம் பார்த்து நடக்க வேண்டும். 2009ல் அரிசோனா மாநிலத்து வழக்கு ஒன்றில் அந்த வரம்பு எங்கே உடைகிறது என்று காட்டினார்கள். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை ஒளித்து வைத்திருப்பாள் என்ற சந்தேகத்தில் 13 வயதுப் பெண்ணை உள்ளாடை வரை சோதித்திருந்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள்.

வாசலில் எல்லோரையும் ஒரே மாதிரி மெஷின் வழியாக நடக்க விடுவதற்குத் தனித்தனிச் சந்தேகம் தேவையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையில் உலோகம் என்று மெஷின் காட்டினால், தேட வேண்டியது பையில் இருக்கும் உலோகத்தை. டைரியை இல்லை. இதைத்தான் பிரின்சிபலுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், தீர்ப்பின் பெயரோடு. கோபத்தைக் கொட்டி எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பார்கள். பெயரும் வருடமும் இருந்ததால் டிஸ்ட்ரிக்ட் வக்கீலுக்குப் போனது.

அப்புறம் ஆள் மாறினார். இப்போது இருப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள், ஊதாக் கையுறை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. நான்கு ஸ்டார் முழுக்க அவருக்கு. அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததால் சொல்கிறேன். மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டார், பையின் வாய் வரிசைக்குத் தெரியாது. "குட் மார்னிங், பேபி" என்பார். பையைத் தானே திறக்க மாட்டார். "நீயே திற, இரும்பு எது இருந்தாலும் எனக்குக் காட்டு" என்பார். டேப்லெட்டில் கட்டம் எங்கே விழுந்ததோ அந்த அறையை மட்டும் பார்ப்பார். பொருள் கிடைத்ததும் அதை மட்டும் தனியே வைத்துப் பையை மறுபடி மெஷின் வழியாக அனுப்புவார். பச்சை வந்தால் அதோடு முடிந்தது, மற்ற ஜிப்புகளைத் தொட மாட்டார். கிளம்பும் பிள்ளையிடம் நேரம் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றைக் கொடுப்பார், கிளாசில் லேட் என்று போடக் கூடாது என்பதற்காக. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள். என் பையன் மறுபடி எவர்சில்வர் டப்பாவுக்கு மாறவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறான்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், அவர் ஒருத்தர்தான். அவர் லீவு போட்ட நாளில் யார் கிடைக்கிறார்களோ அவர்கள். ஒருநாள் ஜிம் டீச்சர். ஒருநாள் நான். எனக்குக் கொடுத்த பயிற்சி பத்து நிமிட வீடியோ. அதில் பாதி தூண்களை எப்படித் துடைப்பது என்று இருந்தது. உண்மையாகவே பையில் துப்பாக்கி தெரிந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த வீடியோவில் ஒரே வரி: "அமைதியாக இருந்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும்."

இது வெறும் கிண்டல் இல்லை. 2005ல் மினசோட்டாவின் ரெட் லேக் பள்ளியில் வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்தது. துப்பாக்கியோடு வந்தவன் அதன் பக்கத்தில் நின்றிருந்த ஆயுதமில்லாத காவலரைத்தான் பள்ளியில் முதலில் சுட்டான். மெஷின் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அங்கே வித்தியாசம் இல்லை. மறுபக்கம், மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு ஹைஸ்கூலில் 2021 நவம்பர் 30 அன்று நடந்தது. பையன் வரைந்த படத்தைப் பார்த்து டீச்சர் பயந்து தகவல் கொடுத்தார். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் பை அதே அறையில் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள், பையில் இருந்த துப்பாக்கியால் அவன் சுட்டதில் நான்கு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அங்கே நியாயமான சந்தேகம் கண்முன்னால் காகிதத்தில் இருந்தது, சட்டமும் திறக்க விட்டிருக்கும். எலுமிச்சம் சாதத்தைத் திறந்து பார்க்கும் ஊரில் அந்தப் பையைத் திறக்க ஆளில்லாமல் போயிற்று. இந்த மெஷினுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது கவுன்சிலருக்கும், பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கத் தெரிந்த ஆளுக்கும் போக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

எங்கள் பள்ளியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. முன்வாசலில் இத்தனை கூத்து. ஜிம் பக்கக் கதவில் பிரேக்கில் வெளியே போகிறவர்கள் ஒரு கல்லைச் செருகி வைத்துவிட்டுப் போவார்கள். பத்து மணிக்கு மேல் லேட்டாக வருகிற பிள்ளைக்கு மெஷினை இயக்க ஆளே இருக்காது. ஆபீஸ் வழியாக உள்ளே விட்டுவிடுவார்கள்.

எல்லா ஊரும் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி டிஸ்ட்ரிக்ட், வகுப்புக்குள் போய்ச் சில பிள்ளைகளை மட்டும் பொறுக்கி டிடெக்டரால் தடவிப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்துவது என்று 2019ல் ஓட்டுப் போட்டது. ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 2018 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள், அந்தக் கல்வியாண்டோடு அது போயிற்று. இப்போது புதுசாக வருவது கேமரா. சிசிடிவி படத்தில் துப்பாக்கி தெரிந்தால் ஏஐ எச்சரிக்கும் என்கிறார்கள். 2025 அக்டோபரில் மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டியில் ஒரு ஹைஸ்கூலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மாணவன் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை அப்படி ஒரு ஏஐ துப்பாக்கி என்று சொன்னது. போலீஸ் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்து அவனை மண்டிபோட வைத்து விலங்கு மாட்டியது. தூண் மெஷின் பொய் அலாரம் அடித்தால் டப்பா திறக்கும். இது அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கப்போகிற டிஸ்ட்ரிக்ட்டில் இருப்பவர்கள், "எத்தனை சதவீதம் துல்லியம்?" என்று கேட்காதீர்கள். அழகாக ஒரு எண் சொல்வார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அலாரம், அதில் எத்தனை நிஜ ஆயுதம், கூருணர்வை மாற்ற யாருக்கு அதிகாரம், டேப்லெட்டில் விழும் பிள்ளைகளின் படம் எத்தனை நாள் இருக்கும், யாரிடம் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் முழுப் பையோடு, பைண்டர் குடை எல்லாம் போட்டு, டெமோவில் நீங்களே நடந்து காட்டுங்கள். இன்சுலின் பம்ப் மாதிரி உடம்பில் கருவி இருக்கும் பிள்ளை என்றால் முதல் நாளே நர்ஸிடம் எழுதிக் கொடுத்து வாசலுக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது: பையைக் காட்டச் சொன்னால் காட்டு, வாக்குவாதம் வேண்டாம். சட்டையையோ பேண்டையோ கழற்றச் சொன்னால் மட்டும் "எங்க அம்மாவைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அசையாமல் நில்.

எங்கள் ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்க வருகிறது. கேமராவையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறாராம். போர்டு கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள், பெயர் கொடுத்துவிட்டேன். மேஜைக்கு இன்னும் இரண்டு பேர், அவர்களுக்கு அந்த ஊதாக் கையுறை அம்மாளே பயிற்சி கொடுக்க வேண்டும், ஜிம் கதவுக்கு ஒரு அலாரம். கேட்கப் போவது இவ்வளவுதான். மெஷினை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.